நல்லூர் ஒழுங்கைகளிலே ஒரு காலை

தூரதேசங்களைக் காணப் பொருள் செலவிட்டுப் புறப்படுவோர் பலர். தாம் பிறந்த ஊரின் நாலு ஒழுங்கைகளை நடந்து கண்டோர் எத்தனை பேர்? இவ்வினாவைப் பிறரிடம் கேட்கும் தகுதி நமக்கும் இருக்கவில்லை. பல்லாண்டுகளாக நாம் கல்லூரிக்குச் சென்று வருவது பெருவீதி வழியேதான். அதுவும் மோட்டார்ச் சைக்கிளிலே. அது பழுதாகிக் கிடந்த ஒரு ஞாயிறு காலை, நம் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தே புறப்பட்டோம்.

நல்லூர் இராசதானியின் நாற்றிசைக்கும் காவலாக நான்கு கோயில்கள் அமைந்தன என்பது யாழ்ப்பாண வைபவமாலை கூறும் மரபு. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர். 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். 1621இல் பழைய கந்தசுவாமி கோயிலையும் இடித்தனர். இன்றுள்ள ஆலயங்கள் பின்னர் எழுந்தவை. இந்நான்கினையும் ஒழுங்கை வழியாகவே சென்று தரிசிப்பது என்று தீர்மானித்தோம்.

ஒழுங்கை நேராகச் செல்வதில்லை. வளவுகளின் எல்லையை அனுசரித்து அது வளையும். சில வேளை ஒரு படலையின் முன் நின்றுவிடும். முன்னாளிலே பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலிகள் இருமருங்கும் நிழல் செய்தன. பூவரசங் குழை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. அயலாரிடம் போய்வர வேலியிலே ஒரு பொட்டு இருக்கும். இன்று மதில் எழுந்துவிட்டது. மதிலுக்குப் பொட்டு ஏது?

யமுனா ஏரியின் படிகளில் சற்று இளைப்பாறினோம். 'ப' எழுத்தின் வடிவிலே அமைந்த அக்கேணியை நம் மகள் அன்றுதான் முதன்முதற் கண்டாள். அப்பால் ஓர் ஒழுங்கையில், வெள்ளவாய்க்காலின் மேற் கிடந்த நீண்ட கல்லை மிதித்துக் கடந்தோம். அருகே இரு கற்கள் நட்டபடி நின்றன.

"இது என்ன, அப்பா?" என்றாள்.

"சுமைதாங்கி, பிள்ளை. தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க அமைத்தது. வயிற்றிலே பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக இதனை நாட்டுவது வழக்கம்."

அவள் நாம் கடந்துவந்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள். "அதன் மேலேயா நாங்கள் மிதித்து வந்தோம்?" என்றாள். நம்மிடம் மறுமொழி இல்லை. அயல்வீட்டு மூதாட்டியாரை வினவினோம். "யாருக்காக நாட்டினதோ, தம்பி! தெரிந்தவர்கள் இடம்பெயர்ந்த காலத்திலே போய்விட்டார்கள்" என்றார்.

அச்சொல் நம்மைத் தைத்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகப் புறப்பட்டபோது நாம் பள்ளி மாணவர். பெருவீதியிலே கால்வைக்க இடமில்லை. நம் ஆச்சியார்தாம் இருளிலே ஒழுங்கைக்கு ஒழுங்கை திருப்பி நம்மைச் செம்மணி வெளிவரை நடத்திச் சென்றார். மறு ஆண்டு நாம் ஊர் திரும்பினோம். ஆச்சியார் தென்மராட்சியிலேயே கண்மூடிவிட்டார். அன்று அவர் நடத்திய வழியை இன்று நம்மாற் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் ஏறுமுன், வீட்டிலுள்ள முதியவரையும் ஒரு சிறுபிள்ளையையும் உடன்கொண்டு உங்கள் ஒழுங்கையிலே நடவுங்கள். முதியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல், தூர்ந்த கிணறு எதுவாயினும் கொப்பியில் இடம்பெறட்டும். பிறர் வளவாயின் படலையில் நின்று கேட்டுச் செல்லுங்கள். பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும்.

அன்று கோயில்களில் இரண்டைத்தான் கண்டோம். எஞ்சியவை அடுத்த ஞாயிறுக்கு. அதற்குமுன் அயலவர் நால்வரை அழைத்து அக்கல்லைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது மகளின் கட்டளை. வாய்க்காலைக் கடக்க ஒரு பலகையும் நாமே கொண்டுசெல்ல வேண்டுமாம்.