ஈறுகளில் தோன்றும் அரிய கட்டி

காதர்பேட்டைக் கடைகளில் பனியன் விற்போரும், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பின்னலாடைத் தொழிலுக்கு வருவோரும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று வலியற்ற நோய்களைக் கவனியாது விடுதல் இயல்பு. அத்தகைய நோய்களுள் ஒன்றை இங்கு விளக்க விரும்புகிறோம்.

ஈறு வீக்கங்களுட் பெரும்பாலானவை பற்களில் படியும் அழுக்காலும் காரையாலும் உண்டாகும் அழற்சியே. அவற்றினின்று வேறுபட்டது, பல்லை உருவாக்கும் திசுக்களிலிருந்து பிறக்கும் நார்க்கட்டி. ‘பெரிஃபெரல் ஓடன்டோஜெனிக் ஃபைப்ரோமா’ என மருத்துவ நூல்கள் இதனை வழங்கும். இது அரியது, புற்றுநோய் அன்று, உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை.

இதன் வெளி அடையாளங்கள் யாவை? பல்லை ஒட்டிய ஈறில் கெட்டியான புடைப்பு ஒன்று மெல்ல வளரும். பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாது. நிறம் ஈறின் நிறமே. வலி இராது. சிலருக்குப் பற்கள் சற்றே விலகக்கூடும்.

ஆயினும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கூறலாகாது. புற்றுநோயும் சில வேளைகளில் இத்தகைய எளிய புடைப்பாகவே தொடங்கும். பனியனின் வெளிப்புறம் நன்றாயிருப்பினும், உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தே பழுதறிகிறோம் அல்லவா? அதுபோன்றதே நுண்ணோக்கிச் சோதனை.

அகற்றிய சதையை ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவுவர். பின்னர் ஹெமடாக்சிலின், இயோசின் என்னும் சாயங்களை ஏற்றுவர். முன்னது, ஒரு காலத்தில் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட மரத்திலிருந்து கிடைப்பது. உயிரணுக்களின் கருக்கள் நீலமாகவும், நார்கள் இளஞ்சிவப்பாகவும் தோன்றும். இக்கட்டியில் நார்கள் பின்னிக் கிடக்கும். அவற்றிடையே பல்லை உருவாக்கும் அணுக்கள் சிறு தீவுகளாகவும் இழைகளாகவும் காணப்படும். சிலவற்றில் சுண்ணாம்பேறிய உருண்டைகளும் உண்டு. அத்தீவுகளே இந்நோயை உறுதிப்படுத்தும் சான்று.

சிகிச்சை எளிது. மரத்துப்போகும் ஊசியிட்டு, கட்டியை அடியோடு அகற்றுவர். சிலருக்கு மீண்டும் வளரக்கூடுமாதலின், மருத்துவர் குறித்த காலத்தில் திரும்பச் சென்று காட்டுதல் அவசியம்.

எனவே, கட்டியை நூலால் இறுக்குவதோ, பிளேடால் கீறுவதோ, சுண்ணாம்பு தடவுவதோ கூடாது. வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டியையும் புண்ணையும் மருத்துவரிடம் காட்டுக. புகையிலை பழகியவர்கள் சற்றும் தாமதிக்கலாகாது. அகற்றிய சதை சோதனைக்கு அனுப்பப்பட்டதா எனக் கேட்டறிவது நோயாளியின் உரிமை. திருப்பூரில் 2022-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. உதவி நாடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

ஊராட்சி உறுப்பினர்கள் கிராம சபைக் கூட்டங்களில் இதனை எடுத்துரைத்து, தயங்கி நிற்போரைத் துணையுடன் அனுப்பிவைக்க வேண்டுகிறோம். ஒரு நாள் கூலியினும் ஓர் உயிர் பெரிது.