நாளை மதிப்புப் பெறும் மோட்டார் சைக்கிள் எது?

என் ஒன்றுவிட்ட சகோதரியின் மகன் சென்ற மாதம் என்னைக் காண வந்திருந்தார். ஐந்தாண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பவர். நலம் விசாரித்து முடிந்ததும் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே தயாரிக்கப்படும் ஒரு மோட்டார் சைக்கிளின் படம் அது.

"மாமா, இதை வாங்கி, ஓட்டாமல் அப்படியே மூடி வைத்துவிட்டால் இருபது வருடத்தில் பத்து மடங்கு விலை போகும் என்கிறார்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு இன்று இருக்கிற கிராக்கி இதற்கும் வந்துவிடாதா?" என்று கேட்டார்.

அவர் கையிலிருந்த பணம், வீட்டிற்கு மாடி எழுப்புவதற்கென்று அவருடைய தாயார் காத்திருந்த பணம் என்பதை நான் அறிவேன். ஆகவே அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. இதே எண்ணம் இன்று வேறு பல இளைஞர்களின் உள்ளத்திலும் இருக்கக்கூடும். எனவே அவருக்குச் சொன்னவற்றைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

அன்று யார் அறிந்தார்?

ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தது 1985ஆம் ஆண்டில். 98 சிசி கொள்ளளவு, 11 குதிரைத் திறன், ஏறத்தாழ 100 கிலோ எடை. எடை குறைவு, இழுவை அதிகம். அதுவே அதன் இரகசியம். 1996இல் அதன் தயாரிப்பு நின்றது. இடைப்பட்ட அந்தப் பதினோரு ஆண்டுகளில், 'பிற்காலத்தில் விலை ஏறும்' என்று கருதி அதை வாங்கி மூடி வைத்தவர் எவரேனும் உண்டா? கல்லூரி மாணவர் ஓட்டினார். துணி வியாபாரி மூட்டை கட்டி ஓட்டினார். பால்காரர் கேன்களைத் தொங்கவிட்டு ஓட்டினார். ஓட்டி ஓட்டித் தேய்த்து, இறுதியில் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தார்கள். அவ்வாறு அழிந்தவை போக எஞ்சியவற்றைத்தான் இன்று தேடி அலைகிறார்கள்.

அதற்கு முன்பே, 1983இல், ராஜ்தூத் 350 என்னும் வண்டி வந்தது. ஜப்பானிய யமஹாவின் ஆர்.டி. 350ஐத் தழுவி இங்கே தயாரிக்கப்பட்டது. இரண்டு சிலிண்டர்கள், ஏறக்குறைய 30 குதிரைத் திறன். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கணக்கிட்டுச் செலவழித்த அக்காலத்தில் அதன் தாகத்திற்கு யாரால் தண்ணீர் ஊற்ற முடியும்? விற்பனையில் அது தோல்வி கண்டது. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பும் நின்றது. அன்று வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட அதே வண்டியைத்தான் இன்று சேகரிப்போர் பெருமதிப்பளித்து வாங்குகின்றனர்.

ஒன்று பெருவெற்றி, மற்றொன்று தோல்வி. இரண்டும் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தது எவ்வாறு?

மதிப்பின் நான்கு ஊற்றுகள்

எண்ணிப் பார்த்தால் நான்கு காரணங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, அவ்வண்டி ஒரு வகையின் தொடக்கமாகவோ முடிவாகவோ இருத்தல். மேற்கூறிய இரண்டுமே டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரித்துப் புகை கக்கும் அவ்வகை இயந்திரம், மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக மோட்டார் சைக்கிள்களிலிருந்து மறைந்துபோயிற்று. இனி அவ்வகை வராது என்னும் உறுதியே எஞ்சியவற்றின் மதிப்பை உயர்த்துகிறது.

இரண்டாவது, நிறைவேறாத இளமை ஆசை. பதினெட்டு வயதில் ஏக்கத்தோடு பார்த்து நின்றவர், நாற்பத்தைந்து வயதில் கையில் பணம் வந்ததும் அதைத் தேடிப் போகிறார். அவர் வாங்குவது இரும்பை அன்று; தம் இளமையை!

மூன்றாவது, அழிவு. பெரும்பாலானவை உழைத்துத் தேய்ந்து போனால்தான் எஞ்சியது அரிதாகும்.

நான்காவது, பழுது நீக்கி மீண்டும் ஓட்டக்கூடிய எளிமை. மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகளைப் பாருங்கள். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படும் விந்தையான அமைப்பு அவற்றினுடையது. ஆலை மூடப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவை ஓடுகின்றன என்றால், ஒரு நல்ல மெக்கானிக் கையாலேயே பிரித்து மாட்டிவிடக்கூடிய எளிமைதான் காரணம்.

இக்கால வண்டிகளில் எவை?

இந்த நான்கு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு, அண்மைக்கால வண்டிகளைப் பார்ப்போம். இவை என் கணிப்புகளே, உத்தரவாதமல்ல.

நம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் 1950களின் நடுப்பகுதி முதல் உருவான புல்லட்டுக்கு முதலிடம் தரலாம். வார்ப்பிரும்பு இயந்திரமும் வலது காலில் கியரும் கொண்ட பழைய புல்லட்டுகளின் வரிசை முடிவுற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன்பின் வந்த 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளும், பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த 2020இல் நிறுத்தப்பட்டன. 'முடிவு' என்னும் முத்திரை இரண்டின் மீதும் விழுந்துவிட்டது.

அடுத்து, 2001இல் வந்த முதல் பல்சர். வட்ட வடிவ முகவிளக்குடன் வந்த அவ்வண்டி ஒரு தலைமுறையின் கனவாக விளங்கியது. இலட்சக்கணக்கில் விற்ற பெயர் அது; ஆனால் அந்த முதல் வடிவத்தில், மாற்றம் ஏதும் செய்யப்படாமல் இன்று கண்ணில் படுவது எத்தனை? 2003இல் வந்த 223 சிசி கரிஸ்மாவும் அத்தகையதே. அதன் மேலிருக்கும் 'ஹீரோ ஹோண்டா' என்னும் கூட்டுப் பெயரே இன்று வரலாறாகிவிட்டது. 2008இல் வந்த முதல் ஆர் 15 வண்டியையும் இப்பட்டியலில் சேர்ப்பேன்.

விந்தைகளுக்கும் ஓர் இடமுண்டு. ஒரு காலத்தில் டீசலில் ஓடும் புல்லட் விற்பனையில் இருந்தது. வேகம் குறைவு, சத்தம் அதிகம். ஆயினும் இன்று அதைக் கண்டால் நின்று பார்க்காதவர் இல்லை. 2024இல் வெளிவந்த, சி.என்.ஜி. எரிவாயுவில் ஓடும் பஜாஜ் ஃப்ரீடம் 125 நாளை அவ்வாறே பார்க்கப்படலாம். உடைக்கப்பட்ட விக்ராந்த் போர்க்கப்பலின் உலோகத்தைச் சேர்த்து 2016இல் வெளிவந்த வி 15 வண்டிக்கோ சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. கதையுள்ள பொருளைக் காலம் எளிதில் மறப்பதில்லை.

அரிது என்பதால் மட்டும் அருமையாகுமா?

இப்போது நம் இளைஞரின் கேள்விக்கு வருவோம். 2018இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'பெகாசஸ்' என்ற பெயரில் உலகம் முழுமைக்கும் 1,000 வண்டிகள் மட்டுமே தயாரித்தது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை 250. இணையத்தில் விற்பனை தொடங்கிய மூன்று நிமிடங்களுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. ஆனால் சில வாரங்களிலேயே, அதைப் போன்றே இராணுவத் தோற்றம் கொண்ட வேறொரு வண்டி, அதில் இல்லாத ஏ.பி.எஸ். பிரேக் வசதியோடு, குறைந்த விலையில் வந்தது. முன்னதை வாங்கியவர்களில் சிலர் வெளிப்படையாகவே மனம் நொந்தனர்.

அந்த வண்டிகளும் ஒருநாள் மதிப்புப் பெறலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தியுங்கள். சேகரிப்பதற்கென்றே வாங்கியவர் அனைவரும் போர்வை போர்த்திப் பாதுகாத்தால் அழிவது எது? அழியாத பொருளின் அருமை கூடுவது எப்படி? தெருவில் ஓடாத வண்டியை ஏக்கத்தோடு பார்த்து நிற்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை எங்கிருந்து வருவான்? ஆர்.எக்ஸ். 100ஐ உயர்த்தியது அதன் எண்ணிக்கைக் குறைவன்று. மக்கள் அதன்மீது வாழ்ந்த வாழ்க்கை.

மூடி வைத்தால் முழுமையாக இருக்குமா?

ஓடாத வண்டி தூங்குவதில்லை, உள்ளுக்குள் கெடுகிறது. பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும். டேங்க் துருப்பிடிக்கும். டயர் வெடிப்பு விடும். பேட்டரி உயிரிழக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோ பழைய வண்டிகளின் இரப்பர் குழாய்களை விரைவில் கெடுக்கிறது.

புதிய வண்டிகளுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் பீய்ச்சும் கருவி. அதை ஆள ஒரு கணிப்பான். வேகம் காட்ட வண்ணத்திரை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கணிப்பான் பழுதானால் மாற்று எங்கே கிடைக்கும்? மரத்தடி மெக்கானிக்கால் இரும்பைக் கடைந்து ஒரு பாகம் செய்துவிட முடியும். மென்பொருளைக் கடைய முடியாது. மின்சார வண்டிகளைப் பொறுத்தவரை, பேட்டரிக்கு மாற்றுக் கிடைக்குமா என்பதே அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, பழம்பெரும் வண்டி என்ற தகுதிக்கு 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். அப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு செய்த பின்னரும் கண்காட்சி போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. இன்று வாங்கும் வண்டிக்கு அந்த வயது நிறையும்போது, வாங்கிய இளைஞர் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்துகொண்டிருப்பார்!

பிறகு என்னதான் செய்வது?

வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்பதே என் ஆலோசனை. அசல் டேங்க், அசல் முகவிளக்கு, அசல் சைலன்சர் ஆகியவற்றை அழகுக்காக மாற்றிவிடாதீர்கள்; கழற்றினாலும் எறிந்துவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் அதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வாரம் ஒருமுறையேனும் ஓட்டுங்கள். புதிதாக வாங்குவதானால், பிடித்ததை வாங்கி ஆசை தீர ஓட்டுங்கள். பிற்காலத்தில் விலை ஏறினால் அது இலாபம், ஏறாவிட்டாலும் நட்டமில்லை. குடும்பத்தின் தேவைக்கென ஒதுக்கிய பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ இந்தக் கணிப்பின் மீது வைக்காதீர்கள்.

இவ்வளவையும் கேட்ட அந்த இளைஞர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "வாப்பாவின் யெஸ்டி கொல்லையில் கிடக்கிறதே மாமா. அதன்மேல் கோழி அடை வைத்திருக்கிறது" என்றார். அந்த வண்டியில்தான் அவருடைய வாப்பா சந்தை சந்தையாகச் சென்று துணி விற்று இவரைப் படிக்க வைத்தார்.

சென்ற வாரம் அவர் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். வாசலில் செங்கல் இறங்கியிருந்தது. தம் பெட்டியின் அடியில் இத்தனை நாள் காத்து வைத்திருந்த ஆர்.சி. புத்தகத்தைச் சகோதரி என்னிடம் எடுத்துக் காட்டினார். யெஸ்டி இன்னும் கிளம்பவில்லை. கார்புரேட்டர் மட்டும் கழுவப்பட்டு, திண்ணையில் ஒரு பழைய செய்தித்தாளின் மீது காய்ந்துகொண்டிருந்தது.