பேரிங் மாற்றச் சுத்தியல் வேண்டாம், திருகு போதும்

சிங்கப்பூரின் முதல் சைக்கிளோட்ட நகரம் என்று பெயர் பெற்றது தெம்பனிஸ். நடைபாதையைப் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் பகிர்ந்துகொள்ளும் சோதனை 2007ல் இங்குத் தொடங்கியது. காலால் உந்தும் ஸ்கூட்டர்களும் இந்தப் பாதைகளில் போகின்றன. மாலையில் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். சில சக்கரங்கள் ஓசையின்றி ஓடும்; சில ‘கரகர’வென்று அரைத்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் பெரும்பாலும் சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்கிலிருந்து வருகிறது.

பேரிங்கின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை போதும். கனமான புத்தகம் ஒன்றை மேசைமீது தள்ளுங்கள். பிறகு அதன் அடியில் சில கோலிக்குண்டுகளை வைத்துத் தள்ளுங்கள். இரண்டாவது முறை விரல் பட்டாலே நகரும். நழுவு உராய்வைவிட உருளும் உராய்வு மிகக் குறைவு. பேரிங்கிலும் இதுவே நடக்கிறது. உள்வளையம், வெளிவளையம், இடையில் எஃகுக் குண்டுகள், அவற்றைச் சுற்றிக் கிரீஸ்: அவ்வளவுதான்.

வண்டி அச்சுக்கான குண்டு பேரிங்குக்கு 1794ல் வேல்ஸைச் சேர்ந்த ஃபிலிப் வாகன் காப்புரிமை பெற்றார். 1869ல் நடந்த பாரிஸ்-ருவான் சைக்கிள் போட்டியில் வென்ற ஜேம்ஸ் மூரின் சைக்கிளிலும் குண்டு பேரிங்குகள் இருந்தன.

பிறகு ஏன் தேய்கிறது? குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறியது. முழு எடையும் அந்தப் புள்ளியில் இறங்குகிறது. குண்டு பேரிங்கின் மீதான சுமை இரு மடங்கானால், அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் (2×2×2=8). ஒரே ஸ்கூட்டரில் இருவர் ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். மழைநீரும் மணலும் உள்ளே புகுந்தால் இன்னும் விரைவில் கெடும். மெல்லிய துரு நீக்கித் தெளிப்பானை அடித்தால் சத்தம் சிறிது நேரம் அடங்கும். ஆனால் கிரீஸ் கரைந்துபோகும்.

சோதிக்கும் முறை எளிது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து இடமும் வலமுமாக அசையுங்கள். தடதடவென ஆடினால் தேய்மானம். மெதுவாகச் சுற்றும்போது விரலில் நறநறப்பு தெரிந்தாலும் அப்படியே. தேய்ந்த பேரிங் திடீரென இறுகிவிட்டால் சக்கரம் நின்று, ஓட்டுபவர் கீழே விழக்கூடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பேரிங்கின் ஓரத்தில் எண் இருக்கும். ஸ்கூட்டர், ரோலர் பிளேட், ஸ்கேட்போர்டு ஆகியவற்றில் பெரும்பாலும் 608 என்று பார்ப்பீர்கள். இதன் துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. வெர்னியர் அளவியால் அளந்து சரிபாருங்கள்.

பழையதைக் கழற்ற, மறுபக்கத்திலிருந்து அதன் உள்வளையத்தைத்தான் தள்ள முடியும். அப்போது விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து, அவை உருளும் தடத்தில் குழி விழலாம். ஆகவே கழற்றிய பேரிங்கைத் திரும்பப் பொருத்தாதீர்கள். புதியதைப் பொருத்தும்போது விசை வெளிவளையத்தில் விழவேண்டும். அதுதான் சக்கரத்தின் துளைக்குள் இறுக்கமாகப் போகிறது. இந்த ஒரு விதியை மறந்து சுத்தியலால் நடுவில் தட்டினால், புதிய பேரிங்கும் அன்றே கெடும்.

சுத்தியலுக்குப் பதில் ஓர் எம்8 போல்ட்டு, ஒரு நட்டு, 24 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு வாஷர்கள் போதும். சக்கரத்தின் நடுவே போல்ட்டைச் செருகி, பேரிங்கை வாஷரால் மூடி, நட்டை முறுக்குங்கள். வாஷர் வெளிவளையத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது பேரிங்கைப் பொருத்துமுன், இடையில் இருந்த சிறு குழாயை மறவாமல் உள்ளே வையுங்கள்.

இதன் பின்னால் உள்ள இயற்பியல்: எம்8 போல்ட்டில் நட்டு ஒரு சுற்றுக்கு 1.25 மில்லிமீட்டர் நகரும். 150 மில்லிமீட்டர் ஸ்பேனரின் முனையைப் பிடித்த உங்கள் கையோ சுமார் 942 மில்லிமீட்டர் சுற்றிவரும். உராய்வே இல்லாவிட்டால் உங்கள் விசை ஏறத்தாழ 750 மடங்காகும். உண்மையில் உராய்வு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; ஆனாலும் மிச்சம் தாராளமாகப் போதும். விசை சீராக இறங்கும். சத்தமும் இல்லை, அடுக்குமாடி வீட்டில் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவும் இல்லை.

வீட்டுப் பட்டறைக்குத் தனி அறை தேவையில்லை, ஒரு பெட்டி போதும். இரண்டு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள், ஆலன் சாவிகள், வெர்னியர் அளவி, மேலே சொன்ன போல்ட்டும் வாஷர்களும், கந்தல் துணி, பாதுகாப்புக் கண்ணாடி. கழற்றிய பாகங்களை வரிசையாக அடுக்க ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. துணை வேண்டுமானால், 2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற முயற்சிகளில் தொண்டூழியர்கள் பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறார்கள்.

வேலை முடிந்ததும் பெரியவர் ஒருவரிடம் அச்சு நட்டையும் பிரேக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 22 மில்லிமீட்டர் வளையம் ஒன்று கெட்டதற்காக முழு ஸ்கூட்டரையும் குப்பையில் போட வேண்டியதில்லை.