கூப்பன் காலத்துச் சீனி

"அந்தக் காலம் போல வருமா?" இந்தக் கேள்வியைக் கேட்காத பெரியவர்கள் எங்கள் ஊரில் இல்லை. கல்யாண வீடானாலும் பெருநாள் கூட்டமானாலும் மூத்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கைபேசியோடு இருக்கும் எங்களைப் பார்த்து ஒரு பெருமூச்சும் வரும். அந்தக் காலம் உண்மையில் எப்படித்தான் இருந்தது?

எனது உம்மம்மா 1964 இல் கல்முனைப் பக்கம் பிறந்தவர். அவரது சிறுபராயம் 1970களில் கழிந்தது. பல நாட்களாக அவரிடம் கேட்டறிந்தவற்றையும் வரலாற்றில் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கூப்பனைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 இல், ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியது. நமது நாட்டுக்குப் பெருமளவு அரிசி வந்தது அங்கிருந்துதான். அது நின்றதும், இருப்பதை எல்லோருக்கும் பங்கிட வேண்டி வந்தது. யுத்தம் முடிந்த பின்பும் பங்கீடு தொடர்ந்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது பெரும் ஹர்த்தால் வெடித்தது. அதே ஆண்டு பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்கு அவ்வளவு கனம் இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு கூப்பன் புத்தகம். அதைக் கொண்டுபோய்ச் சங்கக்கடையில் காட்டினால்தான் பங்கு கிடைக்கும். உம்மம்மா வீட்டில் ஒன்பது பேர், ஒன்பது புத்தகங்கள். கைக்குழந்தைக்கும் ஒன்று இருந்ததாம். அவருடைய உம்மா அவற்றைக் காணி உறுதியோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

1973 இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காகியது. உணவுப் பொருள்களின் விலையும் ஏறியது. அந்நியச் செலாவணி போதாத அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியது. சீனி, கோதுமை மா, துணி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. நெல் விளையும் எங்கள் பக்கத்திலிருந்து அரிசியை நினைத்தபடி வெளி மாவட்டங்களுக்குக் கொண்டுபோக முடியாது; வழியில் மறித்துச் சோதிப்பார்கள். பல வீடுகளில் ஒருநேரச் சாப்பாடு மரவள்ளிக் கிழங்குதான்.

இவ்வளவும் படித்துவிட்டு உம்மம்மாவின் வாயால் கேட்டால் அது வேறொரு நாட்டுக் கதை போல இருக்கும்.

"சீனிய உள்ளங்கையில வெச்சி நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்பம். கடைசி மிடறு வரைக்கும் சீனி மிச்சம் வெச்சவதான் வெண்டவ" என்பார் சிரித்துக்கொண்டு. பாண் வரிசையில் கல் வைத்து இடம் பிடித்துவிட்டுக் கெந்தி விளையாடியதும், ஒரே குப்பி விளக்கைச் சுற்றி ஆறு பிள்ளைகளும் இருந்து படித்ததும், ஒருவர் தும்மினால் விளக்கு அணைந்து எல்லோரும் சிரித்ததும் அவருக்கு இன்றைக்கும் இனிக்கின்றன.

ஆனால் அவை ஏன் நடந்தன என்று யோசித்துப் பாருங்கள். தேநீரில் கலந்தால் ஆளுக்கு ஒரு கரண்டி வேண்டும், கையில் வைத்தால் அரைக் கரண்டியே போதும். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் ஒரே விளக்கு. கஷ்டத்தைப் பெரியவர்கள் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, விளையாட்டை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"எங்கட உம்மா மட்டும் சீனி இல்லாமக் குடிப்பா. அவக்குச் சீனி புடிக்காதாக்கும் எண்டுதான் நாங்க நினைச்சிருந்தம். 77க்குப் பொறகு கடையில தாராளமாச் சீனி வந்த நேரம் பார்த்தா, ரெண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறா" என்று உம்மம்மா ஒருநாள் சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

எங்கள் தலைமுறைக்கும் இது புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் தம்பியிடம் கேட்டால் மெழுகுதிரி வெளிச்சத்தில் சுவரில் கை நிழலால் மான் செய்ததைத்தான் சொல்வான். எரிவாயு வரிசையில் இரவு முழுக்க நின்ற வாப்பா அந்த மானைப் பார்க்கவே இல்லை. இன்னும் முப்பது வருடங்களில் தம்பியும் "அந்தக் காலம் போல வருமா" என்று கேட்கக்கூடும்.

இனிக்காத ஒரு நினைவும் உம்மம்மாவிடம் உண்டு. அவருடைய மூத்த ராத்தா பெரிய பிள்ளையானதும் பாடசாலையிலிருந்து நிறுத்தப்பட்டார். இரண்டு வருடங்களில் உம்மம்மாவின் முறையும் வந்தது. எட்டாம் வகுப்போடு சரி. "நான் கணக்குல கெட்டிக்காரி, புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அந்தக் காலத்தைப் பற்றி எத்தனையோ தடவை ஏங்கியவர், இதைப் பற்றி ஒருநாளும் "அப்படி வருமா" என்று கேட்டதில்லை. உயர்தர வகுப்பில் கணக்கீட்டுப் பாடக் கொப்பியை விரிக்கும்போது எனக்கு அந்த வார்த்தை நினைவுக்கு வரும்.

அப்படியானால் அந்தக் காலத்தில் ஏங்குவதற்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது. அடுத்த வீட்டில் ஒரு சுண்டு அரிசி கைமாற்று வாங்கினால், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிடி கூட வைத்துத்தான் கொடுப்பார்களாம். கிடுகு வேலியில் சாமான் கைமாற்றுவதற்கென்றே ஓர் இடைவெளி இருந்தது. நோன்பு காலத்தில் கஞ்சி அந்த வழியால் போகும், தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் அதே வழியால் வரும். இன்று எங்கள் வீட்டைச் சுற்றி நிற்பது ஆறடி மதில். தட்டுப்பாடு திரும்பி வர வேண்டுமென்று யாரும் துஆக் கேட்கப்போவதில்லை. ஆனால் அந்த இடைவெளியைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கூப்பனும் தேவையில்லை.

1979 இல் உணவு முத்திரைத் திட்டம் வந்ததோடு கூப்பன் காலம் முடிந்தது. உம்மம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் இப்போது காணி உறுதி மட்டும்தான் இருக்கிறது. ஒன்பது புத்தகங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே தோழியரே, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர் "அந்தக் காலம் போல வருமா" என்று தொடங்கினால் எழுந்து போய்விடாதீர்கள். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். என்ன விளையாடினீர்கள் என்று கேளுங்கள். பிறகு, வீட்டில் யார் சீனி இல்லாமல் குடித்தார்கள், எந்த வகுப்போடு படிப்பை விட்டீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆசைப்பட்டீர்கள் என்றும் கேளுங்கள். பெற்றோர்களே, நீங்களும் 2022 ஐப் பற்றி எங்களிடம் இன்னும் முழுவதையும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.