டம்ளர் காபி ஆறும்... அண்டா காபி ஆறுமா? கெமிக்கல் என்ஜினீயரிங் லேப்பில் படிக்கிற உயிர் காக்கும் கணக்கு!

கடலூர்,

கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளில் ஷிப்டுக்கு போகிற ஆபரேட்டரும், ஹெல்பரும் நம்பி இருப்பது ரியாக்டரை ஓட்டச் சொல்கிற என்ஜினீயரைத்தான். அந்த என்ஜினீயர் காலேஜில் லேப்பை கையால் தொட்டுப் படித்தாரா, சும்மா ரெக்கார்டு நோட்டை பார்த்து எழுதினாரா? இது மார்க் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதற்கு உதாரணமாக உலகமே சொல்வது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து. அதன் விவரம் வருமாறு:-

4 பேர் பலி

புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சின்ன ஆலை இருந்தது. பெட்ரோலில் கலக்கும் ரசாயனம் தயாரித்து வந்தார்கள். 2007-ம் ஆண்டு டிசம்பர் 19-ந்தேதி அங்கிருந்த ரியாக்டர் பயங்கர சத்தத்துடன் வெடித்துச் சிதறியது. 4 பேர் பலியானார்கள். 32 பேர் காயம் அடைந்தனர். இதில் 28 பேர் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்!

ஆலையை நடத்தியவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஒருவர் கெமிஸ்ட். இன்னொருவர் கெமிக்கல் என்ஜினீயர். 1 லிட்டர் பாத்திரத்தில் 100 தடவைக்கு மேல் செய்து பார்த்துவிட்டுத்தான் சுமார் 9 ஆயிரம் லிட்டர் ரியாக்டருக்கு போனார்கள். பிறகு ஏன் வெடித்தது?

அண்டா கணக்கு

டம்ளரில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறிவிடும். கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கிற காபி மணிக்கணக்கில் சூடாக இருக்கும். காரணம், சூடு வெளியே போவது பாத்திரத்தின் சுவர் வழியாக. பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் 2 மடங்கு ஆக்கினால் உள்ளே 8 மடங்கு சரக்கு பிடிக்கும். ஆனால் சுவர் 4 மடங்குதான் கூடும்.

1 லிட்டரை அதே வடிவத்தில் 9 ஆயிரம் லிட்டர் ஆக்கினால், ஒரு லிட்டர் சரக்குக்கு கிடைக்கிற சுவர் சுமார் 20-ல் ஒரு பங்குதான். ரசாயனம் தானாகவே சூட்டை கிளப்பும்போது, குளிர வைக்கிற தண்ணீர் நின்றுபோனால் என்னாகும்? அங்கே அதுதான் நடந்தது.

அதோடு இன்னொரு ஆபத்தும் ஒளிந்து இருந்தது. சூடு 200 டிகிரியை நெருங்கியதும் சோடியமும், கரைப்பானும் சேர்ந்து இன்னும் கடுமையான இரண்டாவது வினை கிளம்பியது. விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு லேப்பில் சோதித்தபோதுதான் இது வெளியே வந்தது.

இரண்டும் வேண்டும்

லேப்பும், கம்ப்யூட்டரும் ஜோடியாக வேலை செய்வது இங்கேதான். எத்தனை டிகிரியில் எவ்வளவு சூடு கிளம்பும் என்று அளந்து சொல்வது லேப். அந்த அளவை வைத்து, ‘9 ஆயிரம் லிட்டரில் தண்ணீர் நின்றால் எத்தனை நிமிடம் தாங்கும்?’ என்று யாருக்கும் காயம் இல்லாமல் சொல்வது கம்ப்யூட்டர்.

லேப்பில் அளக்காததை கம்ப்யூட்டருக்கு தெரியாது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் சின்ன பாத்திரத்தை மட்டும் நம்பினால் பெரிய ரியாக்டர் ஏமாற்றிவிடும்.

இந்த விபத்துக்கு பிறகு, ரசாயன ஆபத்துகளை கெமிக்கல் என்ஜினீயரிங் பாடத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க விசாரணைக் குழு சிபாரிசு செய்தது. அங்கு படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பும் விதியை மாற்றியது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கும் முன் காலேஜில் தைரியமாக கேளுங்கள்:-

* பம்ப், வெப்பப் பரிமாற்றி, காய்ச்சி வடிக்கும் கருவி எல்லாம் ஓடுகிறதா, பூட்டிக் கிடக்கிறதா?

* ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள்? வால்வை பிள்ளை கையால் திருப்புவானா, வேடிக்கை பார்ப்பானா?

* கம்ப்யூட்டரில் ஆலையை ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டா?

* ஆலைகளுக்கு பயிற்சிக்கு அனுப்புகிறார்களா?

காலேஜில் விலை உயர்ந்த சாப்ட்வேர் இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். டிடபிள்யூசிம் என்ற சாப்ட்வேர் இன்டர்நெட்டில் இலவசமாக கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் பாஸி திட்டம் மாணவர்களுக்கு இதை கற்றுத்தருகிறது. சாதாரண கம்ப்யூட்டரே போதும்.

பீஸ் கட்டுகிறவர் நீங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை சொல்கிற கணக்கை நம்பி ரியாக்டர் பக்கத்தில் நிற்கப் போகிறவரும் உங்களைப் போன்ற ஒரு தொழிலாளிதான்!