கயிறு கட்டிய இரக்கம்

மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் ஓர் அரசகுமாரி காட்டுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். கொல்ல வந்தவர்கள் மனமிளகி அவளை உயிரோடு விட்டுவிட்டு, கைகளை மட்டும் வெட்டி அடையாளமாக எடுத்துப் போகிறார்கள். கையில்லாத அந்தப் பெண்ணை ஓர் இளவரசன் கண்டு மணக்கிறான். பொய்க் கடிதங்கள் அவளைக் கைக்குழந்தைகளோடு மறுபடியும் காட்டுக்குத் துரத்துகின்றன. தேவமாதாவின் அருளால் கைகள் திரும்ப வளர்கின்றன. ஞானசவுந்தரி கதை இது. இலங்கையின் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடியக் கூத்தாக ஆடப்பட்டது. 1948இல் சென்னையில் இரண்டு படக் கம்பனிகள் இதே கதைக்காகப் போட்டி போட்டன. இன்றைக்கு ஒரு பதிப்பகத்தின் கையில் கிடைத்தால், பதின்வயதினருக்கான மாயாஜால சாகசக் கதை என்று அட்டையில் போட்டு விற்றுவிடுவார்கள்.

சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையிலான கத்தோலிக்கக் கரைக்கு இந்த வகைக் கதை புதிதல்ல. தமிழ்க் கூத்தின் மரபு இங்கே 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவமாகவும் வேர்விட்டது. அந்த நாடகமவை ஆராய்ந்த எதிரிவீர சரச்சந்திர, அதன் பாணியில் 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். கூத்துக்காரர்களுக்குப் பிடித்த இன்னொரு கதை எஸ்தாக்கியாருடையது. வேட்டைக்குப் போன ரோமத் தளபதி, துரத்திய மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் மாறுகிறான். பிறகு சொத்து, மனைவி, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக இழக்கிறான்.

அதே எஸ்தாக்கியாரின் பெயர் தாங்கிய ஒரு பையன் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதைகளில் வருகிறான். 1952இல் வெளிவந்த 'வோயேஜ் ஆஃப் தி டோன் ட்ரெடர்' நாவலின் யூஸ்டஸ், யாருக்கும் பிடிக்காத, பேராசை பிடித்த பயல். புதையல்மேல் படுத்துத் தூங்கி, எழும்பும்போது டிராகனாகிவிடுகிறான். திரும்பவும் மனிதனாகி வந்தவனுக்கு ஆறுதல் சொல்கிறவன் எட்மண்ட். முதல் நாவலில் கூடப்பிறந்தவர்களையே சூனியக்காரியிடம் காட்டிக்கொடுத்தவன்! லூயிஸின் கைவண்ணம் இங்கேதான் தெரிகிறது. மன்னிக்கச் சொல்லி அவர் பிரசங்கம் பண்ணுவதில்லை. முன்பு மன்னிக்கப்பட்ட ஒருவனை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

பகைவரை நேசியுங்கள் என்று இயேசு மலைப்பொழிவில் சொன்னதைக் கதையாக்குவது லேசான வேலையில்லை. லூயிஸின் நண்பரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான டோல்கீனுக்கே அது முதல் தடவையில் கைகூடவில்லை. 1937இல் வந்த 'ஹொபிட்' முதற்பதிப்பில், குகைக்குள் வாழும் கொல்லம் விடுகதைப் போட்டியில் தோற்று, கதாநாயகன் பில்போவுக்கு மரியாதையாக வழிகாட்டி அனுப்பிவிடுகிறான். பகை முற்றவில்லை, அதனால் இரக்கத்துக்கும் வேலை இல்லை. 1951ஆம் ஆண்டுப் பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். இப்போது கொல்லம் கொலைவெறியில் நிற்கிறான். பில்போவின் கையில் வாள் இருக்கிறது. எதிரியின் தனிமையை நினைத்து அவன் வெட்டாமல் தாண்டிப் போகிறான். அதன் தொடர்ச்சியான 'லோர்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முழுவதும் அந்த ஒரு கணத்தில் தொங்குகிறது. கடைசியில், பில்போவிடமிருந்து வந்த தீய மோதிரத்தை அழிக்க எரிமலையின் வாய்வரை போய், அதை விட மனமில்லாமல் அவன் வாரிசு ஃப்ரோடோ தோற்றுப் போகும்போது, உயிர் பிழைத்திருந்த அந்தக் கொல்லம்தான் அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுகிறான்.

இளம் வாசகர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று நடுவில் இருக்கிறது. ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் கொல்லத்தைப் பிடித்ததும் கட்டித் தழுவிக்கொள்வதில்லை. காலில் கயிறு கட்டுகிறார்கள். சத்தியம் வாங்கிய பிறகுதான் அவிழ்க்கிறார்கள். அவன் ஆபத்தானவன் என்பதை இரக்கம் மறைக்கவில்லை. எதிரி ஒரே இரவில் நல்லவனாகிவிடும் கதைகளைவிட இது பல மடங்கு நேர்மையானது.

ஆனால் டோல்கீனிடமும் ஓட்டை உண்டு. அவருடைய ஓர்க்குகள் என்ற அரக்கப் படையினர் கும்பல் கும்பலாக வெட்டப்படுகிறார்கள். அவர்களுக்காக ஒருவரும் அழுவதில்லை. திருந்தவே முடியாத ஓர் இனத்தைப் படைப்பது தன் விசுவாசத்துக்கு ஒத்துவருமா என்ற கேள்வி அவரைப் பின்னாளிலும் விடவில்லை. மாயாஜாலக் கதைகளின் பழைய வசதி இது: முகமில்லாத எதிரியை நேசிக்கத் தேவையில்லை.

நிஜத்தில் முகத்தை அழிப்பதற்கு மாயாஜாலம் வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் மட்டும் நூறுக்கும் அதிகமானோர். மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு பேஸ்புக் பதிவைச் சாக்காக வைத்து முஸ்லிம்களின் கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. மறுநாள் புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சர் கொல்லப்பட்டார். குண்டு வைத்தவர்களோடு அவருக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் வந்து குடியேறிய மாவட்டம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கர்தினால் மெல்கம் ரஞ்சித், 2020 உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகவும் நேசிப்பதாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அதே கர்தினால், சூத்திரதாரிகள் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அரசாங்கத்தோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டும் இருக்கிறார். இதை முரண்பாடு என்று யாராவது சொல்லலாம். கொல்லத்தின் காலில் இருந்த கயிற்றைக் கவனித்த பிள்ளை அப்படிச் சொல்லாது.

இந்தக் கரையில் கதைக்குப் பஞ்சமில்லை. கத்தோலிக்கக் குருமார் பிடிபட்டால் தண்டனை என்ற ஒல்லாந்தர் காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்தார் குருவானவர் யோசேப் வாஸ். யாழ்ப்பாணத்தில் தேடுதல் கடுமையாகவே, 1690இல் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த புத்தளத்துக்கு ஒதுங்கினார். 1692இல் அங்கிருந்து கண்டிக்குப் போனபோது, ஒரு பிரெஞ்சுக்காரர் அவரைப் போர்த்துக்கீச உளவாளி என்று சொல்லிவிட, அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையில் போட்டான். பிறகு கெடுபிடி தளர்ந்தது. 1697இல் கண்டியில் அம்மை பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரர்களே கைவிட்டு ஓடினார்கள். முன்னாள் கைதி மட்டும் ஓடவில்லை. மதம் பாராமல் நோயாளிகளைக் கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைப் பற்றிய வரலாறுகளும் செபங்களும் நிறைய உண்டு. வேடமும் காடும் சிறையும் கொள்ளைநோயும் உள்ள இந்தக் கதையைப் பதினைந்து வயதுப் பிள்ளை இரவில் கீழே வைக்க மனமில்லாமல் படிக்கிற மாதிரி எழுதுகிறவர், காட்டிக்கொடுத்த அந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு முகம் கொடுத்தாக வேண்டும்.