ஒரே துளை, மூன்று வேலை: யுஎஸ்பி-சி மானிட்டர் வாங்கும் முன்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் முன்னாள் மாணவர் ஒருவர் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர். அவருடைய வகுப்புத் தோழர்கள் சேர்ந்து பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்களாம். 14 அங்குல மடிக்கணினியில் கழுத்தை வளைத்துக்கொண்டு நான் வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். "சார், ஒரு பெரிய மானிட்டர் வாங்கித் தர்றோம். இப்போ யுஎஸ்பி-சி மானிட்டர்னு வருதாமே, ஒரே ஒயர்ல படமும் வரும், சார்ஜும் ஏறும்னு சொல்றாங்க. அதையே வாங்கிடலாமா?" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இதே ஆசையில் ஏற்கெனவே சூடுபட்டவன் நான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கென்று சொந்தப் பணத்தில் ஒரு யுஎஸ்பி-சி மானிட்டர் வாங்கினேன். சாதாரண மானிட்டரைவிடச் சில ஆயிரம் ரூபாய் அதிகம். வீட்டுக்கு வந்து இணைத்தால் மடிக்கணினியில் சார்ஜ் ஏறியது. திரையிலோ 'சிக்னல் இல்லை' என்ற வாசகம் மட்டும் வந்து போனது. கேபிளைத் திருப்பிச் செருகினேன், கணினியை அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் கடைக்காரர் அதே மானிட்டரை வேறொரு மடிக்கணினியில் இணைத்துக் காட்டினார். படம் பளிச்சென்று வந்தது. குறை என் மடிக்கணினியின் போர்ட்டில் இருந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெறமாட்டோம் என்றார்கள். இன்றுவரை அந்த மானிட்டருக்கு எச்டிஎம்ஐ கேபிளில்தான் படம் வருகிறது. கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு சார்ஜர் கிடைத்தது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். என் பணம் போனது போகட்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய மாணவர்கள் பள்ளிக்குத் தரும் பணத்தை அப்படி விட முடியுமா?

வடிவம் மட்டும்தான் ஒன்று

யுஎஸ்பி-சி என்பது ஒரு துளையின் வடிவத்துக்கான பெயர். 2014இல் இதன் தரவரையறை வெளியானது. முட்டை வடிவச் சிறிய துளைக்குள் 24 தொடுமுனைகள் இரு வரிசையாக இருக்கின்றன. எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். இந்தத் துளை வழியாக மூன்று வேலைகள் நடக்கலாம்: கோப்புகள் போய்வரலாம், மின்சாரம் போகலாம், படம் போகலாம். 'நடக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். மூன்றும் நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறிப்பாகப் படம் போவதற்கு, 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதியை மடிக்கணினி தயாரிப்பாளர் அந்தப் போர்ட்டில் தனியாக ஏற்படுத்தியிருக்க வேண்டும். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் இது விடுபட்டுப் போகிறது. பல கையடக்கக் கணினிகளிலும் அலைபேசிகளிலும் அந்தத் துளை சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டுமே.

இதை நான் விளக்கியதும் அந்த மாணவர் சிரித்துவிட்டார். "எங்க பட்டறைக் கதைதான் சார். ஒரே அச்சுல ரெண்டு விதமான மண் கரைசல் ஊத்தலாம். சுட்டு எடுத்தா ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கும். கிளேஸ் போடாம தண்ணியில போட்டாத்தான் எது தண்ணி குடிக்குது, எது குடிக்கலைன்னு தெரியும்." கொலு பொம்மையும் ஃபியூஸ் பீங்கானும் ஒரே ஊரில் உருவாகும் எங்களுக்கு இதைவிட நல்ல உவமை வேறு கிடைக்காது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பதுபோல, போர்ட்டையும் செருகித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மானிட்டரை அல்ல, உங்களிடம் இருக்கும் மடிக்கணினியை. போர்ட்டின் அருகில் பொறித்திருக்கும் சின்னத்தைப் பாருங்கள். ஆங்கில 'டி', 'பி' எழுத்துகள் இணைந்த சின்னம் இருந்தால் படம் போகும். அம்பு முனை கொண்ட மின்னல் சின்னம் 'தண்டர்போல்ட்' வகையைக் குறிக்கும். அதிலும் படம் போகும். எந்தச் சின்னமும் இல்லை என்பதால் வசதி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மடிக்கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணை முழுமையாகக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரத்தைப் பாருங்கள். யுஎஸ்பி-சி என்ற வரிக்கு எதிரே 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்பதே கேள்வி. இதற்கெல்லாம் நேரம் இல்லை என்றால், மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று இணைத்துப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

படம் வரவில்லை என்றால் யுஎஸ்பி-சிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். எச்டிஎம்ஐ உள்ள சாதாரண மானிட்டரே போதும்; படத்தின் தரத்தில் ஒரு குறையும் இருக்காது. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பழைய மடிக்கணினியிலிருந்து மானிட்டரின் யுஎஸ்பி-சி துளைக்குப் படம் அனுப்ப ஒரு சிறிய இணைப்பான் வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கடைகளில் மலிவாகக் கிடைப்பவை யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒருவழிப் பாதைகள். எதிர்த்திசையில் அவை வேலை செய்யா.

வாட் கணக்கு

படம் போகும் என்று உறுதியானால் அடுத்தது மின்சாரம். உங்கள் மடிக்கணினியின் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் நாம் நடத்தும் அதே பெருக்கல்தான்: 65 வாட். மானிட்டரின் விவரத்தில் 'பவர் டெலிவரி' என்ற இடத்தில் இதே அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சில மானிட்டர்களில் யுஎஸ்பி-சி துளை இருக்கும், ஆனால் 15 வாட் மட்டுமே தரும். அலைபேசிக்கு அது போதும். மடிக்கணினியின் பேட்டரியோ வேலை செய்யச் செய்ய இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதிக வாட் தரும் மானிட்டரில் இணைத்தால் மடிக்கணினி கெட்டுவிடுமோ என்று என் சக ஆசிரியை ஒருவர் அஞ்சினார். அந்த அச்சம் தேவையில்லை. இணைத்ததும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். இரு கருவிகளும் தமக்குள் பேசி, 'எனக்கு இவ்வளவு வேண்டும்', 'என்னால் இவ்வளவு தர முடியும்' என்று ஒப்புக்கொண்ட பிறகே மின்னழுத்தம் 20 வோல்ட் வரை உயரும். மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: மானிட்டரின் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், அரிசி மணியைவிடச் சிறிய பழுப்பு நிறத் துண்டுகள் நிறைய இருக்கும். அவை பீங்கான் மின்தேக்கிகள். நம் ஊரில் செய்தவை அல்ல. ஆனாலும் பீங்கான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அலைபேசியோடு வரும் யுஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கானது. படம் கொண்டுபோகும் கம்பிகள் அதற்குள் இருக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. அதுபோல 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் செல்ல வேண்டுமென்றால், கேபிளின் முனைக்குள் தன் திறனைச் சொல்லும் ஒரு சில்லு இருக்க வேண்டும். 65 வாட்டுக்கு 3.25 ஆம்பியர் தேவை என்பதால் இந்தச் சில்லுள்ள கேபிள்தான் வேண்டும். மானிட்டர் பெட்டியில் யுஎஸ்பி-சி கேபிள் சேர்த்துத் தருகிறார்களா என்று முன்பே கேளுங்கள். தனியாக வாங்க நேர்ந்தால் படம் கொண்டுபோகுமா, எத்தனை வாட் என்ற இரண்டு கேள்விக்கும் பெட்டியிலேயே விடை அச்சிட்டிருக்க வேண்டும். நீளத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 1 மீட்டர் அளவு மேசைக்குத் தாராளம்.

புள்ளி தெரிய வேண்டும்

திரையைப் பற்றிக் கடைகளில் சொல்லும் பெருமைகளில் பாதி விளையாட்டுப் பிரியர்களுக்கானவை. 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை இவற்றுக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. நமக்கு எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 'கல்வி' என்பதில் 'ல்' மேல் உள்ள புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். 'ண', 'ன' இரண்டையும் சுழி எண்ணித்தான் பிரித்தறிகிறோம். வினாத்தாளைத் திரையில் பிழை திருத்தும்போது புள்ளி விடுபட்டதைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டுத் தேர்வறையில் விளக்கம் சொன்ன அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். எனவே திரையின் அங்குலத்தை மட்டும் பார்க்காமல், ஓர் அங்குலத்தில் எத்தனை படப்புள்ளிகள் என்று பாருங்கள். 24 அங்குலத் திரையில் 1920 பெருக்கல் 1080 படப்புள்ளிகள் என்றால் அங்குலத்துக்குச் சுமார் 92. அதே 1920 பெருக்கல் 1080ஐ 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்துவிடும். எழுத்து பெரிதாகும், ஆனால் ஓரங்கள் சொரசொரக்கும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560 பெருக்கல் 1440 உள்ளதை எடுங்கள். அதில் 109 வரும். விலை கூடும். என் கணக்கில் ஆசிரியர் மேசைக்கு 24 அங்குலமே நிறைவு.

ஐபிஎஸ் வகைத் திரையாக இருக்கட்டும். நான்கைந்து பேர் சுற்றி நின்று மணற்கேணி காணொலி பார்க்கும்போது, ஓரத்தில் நிற்பவருக்கும் நிறம் மாறாமல் தெரியும். சன்னல் வெளிச்சம் பிரதிபலிக்காத மங்கல் பூச்சு வேண்டும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி இருந்தால் கழுத்துக்கு நல்லது. இல்லையென்றால் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி அடியில் பழைய பதிவேடுகளை அடுக்கலாம். ஒலிபெருக்கி பல மானிட்டர்களில் இருப்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

முழு வகுப்புக்கும் காட்ட இதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். 30 பிள்ளைகள் இருக்கும் அறையில் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தொலைக்காட்சியோ ஒளிப்படக்காட்டியோதான் சரி.

எங்கள் பள்ளியில்

ஒரு சனிக்கிழமை நானும் அந்த மாணவரும் பள்ளியில் பயன்பாட்டில் உள்ள மூன்று மடிக்கணினிகளையும் தலைமையாசிரியரின் அனுமதியோடு கடைத்தெருவுக்கு எடுத்துச் சென்றோம். இரண்டில் யுஎஸ்பி-சி வழியே படம் வரவில்லை. மூன்றாவதில் வந்தது, சார்ஜும் ஏறியது. மூன்றில் ஒன்றுக்காகக் கூடுதல் பணம் தரலாமா என்று கடை வாசலிலேயே நின்று விவாதித்தோம். மடிக்கணினிகள் அடிக்கடி மாறும். மானிட்டர் அதைவிட நெடுநாள் மேசையில் இருக்கும். புதிய மடிக்கணினிகள் இந்த வழிக்கே வந்துகொண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அலைபேசிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் யுஎஸ்பி-சி சார்ஜ் வசதியைக் கட்டாயமாக்கியது. உலகச் சந்தைக்குச் செய்பவர்கள் நமக்கென்று வேறு துளை வைக்கப்போவதில்லை. எனவே யுஎஸ்பி-சி, எச்டிஎம்ஐ இரண்டும் உள்ள, 65 வாட் தரும் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டரை எடுத்தோம். மூன்றில் ஒன்றுகூடத் தேறாமல் போயிருந்தால் எச்டிஎம்ஐ மட்டும் உள்ளதை வாங்கி, மிச்சப் பணத்தில் யுபிஎஸ் வாங்கியிருப்பேன்.

பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். ரசீதைப் பள்ளியின் பெயரில் போடச் சொன்னோம்; உத்தரவாதம் கேட்டுப் போகும்போது நன்கொடையாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தெரிவித்து, இருப்புப் பதிவேட்டிலும் மாடல் எண், வரிசை எண்ணோடு பதிந்தாயிற்று.

மானிட்டரைப் பொருத்திவிட்டுக் கிளம்பும் முன் அந்த மாணவர் யுஎஸ்பி-சி கேபிளின் இரு முனைகளிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"இது படம் வர்ற கேபிள் சார். யாராவது போனுக்குச் சார்ஜ் போட எடுத்துட்டுப் போயிட்டு, வேற ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சிடுவாங்க. அப்புறம் மானிட்டர் கெட்டுப்போச்சுன்னு எனக்குத்தான் போன் பண்ணுவீங்க."